ஈ.டி.எஃப். வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள்

ஈ.டி.எஃப். என்பது பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட். அமெரிக்காவின் நாஸ்டாக் 100 பங்குக் குறியீட்டைப் பின்தொடரும் ஒரு ஈ.டி.எஃப்.பை டீமேட் கணக்கு வழியாக வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளின் மதிப்பு, அதாவது என்.ஏ.வி., 100 ரூபாய். ஆனால் சந்தையில் அது 115 ரூபாய்க்குக் கைமாறுகிறது. சில மாதங்களில் அமெரிக்கப் பங்குகள் 10 சதவீதம் ஏறி, என்.ஏ.வி. 110 ஆகிறது. அதற்குள் என்.ஏ.வி.க்கு மேல் நீங்கள் கொடுத்த அந்தக் கூடுதல் விலை, அதாவது பிரீமியம், கரைந்துவிட்டால் உங்களுக்குக் கிடைப்பதும் 110தான். கணிப்பு பலித்தும் யூனிட்டுக்கு 5 ரூபாய் நட்டம்.

எனவே, என்.ஏ.வி.யைப் பார்க்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. சந்தை நேரத்தில் ஐ-என்.ஏ.வி. என்ற பெயரில் உத்தேச மதிப்பை ஃபண்ட் நிறுவனங்களே இணையதளத்தில் காட்டுகின்றன. பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது, தானாகச் சரியாகிவிடும்" என்று நினைப்பது அடுத்த தவறு. வழக்கமாக அப்படிச் சரியாவது உண்மைதான். யூனிட் விலை கூடினால், வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்யும் மார்க்கெட் மேக்கர்கள் ஃபண்ட் நிறுவனத்திடம் என்.ஏ.வி. விலையில் புது யூனிட்டுகளைப் பெற்று, சந்தையில் விற்று லாபம் பார்ப்பார்கள். அந்த விற்பனையே விலையை இறக்கிவிடும். வெளிநாட்டு ஃபண்டுகளில் இந்தக் குழாய் அடைபட்டுவிட்டது. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் துறை முழுவதற்கும் சேர்த்து வெளிநாட்டு முதலீட்டு வரம்பு 700 கோடி டாலர், வெளிநாட்டு ஈ.டி.எஃப்.களுக்குத் தனியாக 100 கோடி டாலர். முதல் வரம்பு நெருங்கியதும் 2022 தொடக்கத்திலும், இரண்டாவது நெருங்கியதும் 2024 ஏப்ரல் 1 முதலும் புதுப் பணம் வாங்குவது நிறுத்தப்பட்டது. புது யூனிட் வராது, ஆனால் வாங்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அப்புறம் விலை எப்படி இறங்கும்?

இங்கேதான் மனித சுபாவம் சேர்ந்துகொள்கிறது. பிரீமியம் ஏற ஏற, அந்த ஈ.டி.எஃப். நாஸ்டாக்கையே மிஞ்சி லாபம் தருவதுபோலத் தெரியும். ஓராண்டு வருமானத்தை மட்டும் பார்ப்பவர் அதை ஃபண்டின் திறமை என்று எடுத்துக்கொண்டு வாங்க, பிரீமியம் இன்னும் ஏறும். 2025 அக்டோபரில், தீபாவளிக்கு முன், வெள்ளி ஈ.டி.எஃப்.களிலும் பிரீமியம் ஏறியது. அங்கே தட்டுப்பாடு உலோகத்திலேயே இருந்தது. அந்த ஈ.டி.எஃப்.களில் முதலீடு செய்யும் தங்கள் ஃபண்டுகளில் ஒரே தடவையில் மொத்தத் தொகையாகப் பணம் வாங்குவதைச் சில நிறுவனங்கள் தற்காலிகமாக நிறுத்தின. முதலீட்டாளர் பக்கம் நின்று எடுத்த நல்ல முடிவு அது.

பெரிய சந்தைகளிலும் இது நடக்கும். 2000 மார்ச்சில் 3காம் நிறுவனம் தன் துணை நிறுவனமான பாமின் பங்குகளில் 5 சதவீதத்தை மட்டும் வெளியிட்டது. ஒரு 3காம் பங்கு வைத்திருந்தால் பின்னாளில் சுமார் ஒன்றரை பாம் பங்கு கிடைக்கும் என்று அறிவித்தும் இருந்தார்கள். ஆனாலும் முதல் நாள் முடிவில் பாம் பங்கு 95 டாலர், 3காம் 82 டாலர்! தவறான விலை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பாம் பங்குகளைக் கடனாக வாங்கி விற்றால்தான் விலையை இறக்க முடியும்; அப்படிக் கடன் வாங்கப் பங்குகள் எளிதில் கிடைக்கவில்லை.

வியாபாரம் குறைவாக நடக்கும் ஈ.டி.எஃப்.பில், கிடைக்கும் விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போடவே போடாதீர்கள். குறைந்த விலைக்கு விற்பவரிடம் நூறு யூனிட் மட்டும் இருந்தால், மீதிக்கு உங்கள் ஆர்டர் மேலே மேலே ஏறிப்போகும். ஐ-என்.ஏ.வி.யை ஒட்டி, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஆர்டர் போடுங்கள். அமெரிக்கச் சந்தை நமக்கு மாலையில்தான் திறக்கிறது என்பதால் ஓரிரு சதவீத வித்தியாசம் இயல்பு. 10, 15 சதவீதம் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

"நேராக ஃபண்ட் நிறுவனத்திடமே என்.ஏ.வி.க்கு வாங்கலாமே, விற்கலாமே" என்றால், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி அதற்கு 25 கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும். நமக்கு வழக்கமாகச் சந்தைதான் வழி.

ஏற்கெனவே அதிக பிரீமியத்தில் வாங்கியவர்கள் "போட்ட விலை வரட்டும்" என்று காத்திருப்பார்கள். லாபத்தைச் சட்டென்று விற்று நட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இந்தப் பழக்கத்தை நிதித்துறை ஆய்வாளர் டெரன்ஸ் ஓடியன் 1998இல் 10,000 அமெரிக்கக் கணக்குகளின் தரவை வைத்துக் காட்டினார். நீங்கள் 115 கொடுத்தது சந்தைக்குத் தெரியாது. இன்று என்.ஏ.வி. என்ன, பிரீமியம் எவ்வளவு, விற்றால் வரி எவ்வளவு என்ற மூன்றை மட்டும் வைத்து முடிவெடுங்கள். இன்னும் பிரீமியம் மிச்சமிருந்தால் விற்க அது நல்ல நேரமாகவே இருக்கலாம்.