வீட்டிலேயே டி-ஷர்ட் அடிக்கிறீர்களா? சூட்டையும் புள்ளியையும் கவனியுங்கள்

நெல்லைச் சீமையில் சித்திரை பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் கொடைதான், அதாவது கோயில் திருவிழா. வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், பந்தல், அதோடு இளவட்டங்களுக்கு ஒரே நிறத்தில் பனியன். டி-ஷர்ட்டை எங்கள் பக்கம் பனியன் என்றுதான் சொல்வோம். நெஞ்சில் சாமி பெயர், முதுகில் ஊர்ப் பெயர். பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் என்றால் கடைக்குப் போவதைவிட வீட்டிலேயே அச்சடித்துவிடலாமே என்று தோன்றும். தாராளமாக அடிக்கலாம். எங்கள் தெருவில் இதுவரை நான்கு கொடைக்கு அடித்திருக்கிறோம். முதல் கொடைக்கு அடித்த பதினெட்டில் பதினொன்று முதல் துவைப்பிலேயே ஓரம் தூக்கிக்கொண்டது. படம் வரைய மூன்று நாள் செலவழித்தோம். துணியையும் சூட்டையும் பற்றி அரைமணி நேரம்கூட யோசிக்கவில்லை. வீட்டில் அடிப்பவர்கள் சறுக்குகிற இடம் பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.

முதலில் துணி. திருப்பூரிலிருந்து வரும் புது பனியனில் தொடுவதற்கு மெத்தென்று இருக்க ஒரு பூச்சு போட்டிருப்பார்கள். அதன் மேல் அச்சு சரியாகப் பிடிக்காது. அடிப்பதற்கு முன் ஒருமுறை சாதாரண சோப்புத்தூளில் அலசிக் காயப்போடுங்கள். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் வேண்டாம், அதுவும் ஒரு பூச்சுதான். அலசினால் துணி சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும். அச்சடித்த பிறகு துணி மட்டும் சுருங்கினால் படம் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) அளவில் கொஞ்சம் கனமான பருத்தித் துணி வீட்டு வேலைக்கு வசதி.

துணிக்கு ஒத்துவராத முறையைத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. சப்ளிமேஷன் மை சூட்டில் ஆவியாகி நூலுக்குள் இறங்குகிற வகை. அது பிடிப்பது பாலியஸ்டரில்தான். முழுப் பருத்தியில் அடித்தால் அன்றைக்குப் பார்க்க நன்றாக இருக்கும், நாலு துவைப்பில் நிழல் மாதிரி ஆகிவிடும். கறுப்புத் துணியில் அது தெரியவே தெரியாது. இதற்கு 190, 200 டிகிரி சூடு சீராக வேண்டும் என்பதால் சூட்டோடு அழுத்துகிற ஹீட் பிரஸ் இயந்திரம் இல்லாமல் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குபவர்களுக்கு ட்ரான்ஸ்பர் பேப்பர்தான் எளிது. படத்தை அந்தப் பசைத் தாளில் அச்சடித்து, சூடு கொடுத்துத் துணிக்கு மாற்றுவது அது. அதில் வெளிர்நிறத் துணிக்கு ஒரு வகை, அடர்நிறத் துணிக்கு வேறு வகை. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் துணியின் நிறம்தான் வரும். வெளிர்நிறப் பேப்பரை எடுத்துக் கருநீல பனியனில் அடித்தால் படமே காணாமல் போய்விடும். வெளிர்நிறப் பேப்பரில் படத்தை இடம் வலமாகத் திருப்பி அச்சடிக்க வேண்டும். அடர்நிறப் பேப்பரில் திருப்பக் கூடாது. இதில் மாற்றி அடிப்பவர்கள் ஏராளம். முதலில் ஒரு சாதாரணத் தாளில் அடித்துக் கண்ணாடி முன் பிடித்துப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். இன்னொன்று, இங்க்ஜெட்டுக்கான பேப்பரை லேசர் பிரிண்டரில் விடவே விடாதீர்கள். உள்ளே இருக்கிற சூட்டில் அது உருகி உருளையில் ஒட்டிக்கொண்டால் பிரிண்டரே வீணாகிவிடும்.

இனி சூடு. எங்கள் பதினொன்று பனியனும் கெட்டது இங்கேதான். சட்டை தேய்ப்பது போலவே கட்டிலில் போர்வையை நாலாக மடித்துப்போட்டு அதன் மேல் தேய்த்தோம். போர்வை அமுங்கும், நாம் கொடுக்கிற அழுத்தம் முழுக்க அதற்குள் போய்விடும், பேப்பரில் இருக்கிற பசை துணிக்குள் இறங்காது. கடப்பா கல் திண்ணையும் ஆகாது, கல் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒரு கெட்டியான மரப்பலகை, அதன் மேல் ஒற்றைப் பருத்தித் துணி, இது போதும். பலகையைத் தரையில் வைத்து, முட்டி போட்டு, உடம்பு எடை முழுவதையும் கைகளில் இறக்கி அழுத்துங்கள்.

நீராவிப் பெட்டி வேண்டாம். ஈரம் பசைக்குப் பகை. அந்தப் பெட்டியின் அடியில் இருக்கும் துளைகளுக்கு நேரே சூடும் படாது. பழைய டிரை அயர்ன்தான் இந்த வேலைக்குச் சரி. முக்கு இஸ்திரிக் கடையில் இருக்கிற கரிப்பெட்டி நல்ல கனம், அழுத்தம் அருமையாக விழும். ஆனால் அதன் சூட்டை நம் கட்டுக்குள் வைக்க முடியாது, படம் பொசுங்கிவிடும். படத்தை வைப்பதற்கு முன் வெறும் பனியனை ஒருமுறை தேய்த்து, அதில் இருக்கும் ஈரப்பதத்தைப் போக்கிவிடுங்கள். பிறகு படத்தின் மேல் பெட்டியை இழுக்காமல், ஓரிடத்தில் வைத்து அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். எத்தனை விநாடி என்பது பேப்பர் பாக்கெட்டிலேயே போட்டிருக்கும், அதை மீற வேண்டாம். எப்போதும் உரியத் தொடங்குவது ஓரங்களில்தான். நான்கு மூலைக்கும் தனியாக ஒரு அழுத்து கொடுங்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், பெட்டி சூடேறாமல் மந்தமாகவே இருக்கும். அதனால் இப்போது காலையில்தான் அடிக்கிறோம்.

கடையில் டிடிஎஃப் ஷீட், அதாவது பசைத்தூள் பூசிய பிளாஸ்டிக் தாளில் படத்தை அச்சடித்து வாங்கி வீட்டில் ஒட்டுபவர்களும் உண்டு. பருத்தி, பாலியஸ்டர் இரண்டிலும் பிடிக்கும், 150 முதல் 160 டிகிரியில் 10, 15 விநாடி போதும். சூடாக இருக்கும்போதே உரிக்க வேண்டியதா, ஆறிய பிறகு உரிக்க வேண்டியதா என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆறிய பிறகு உரிக்க வேண்டியதை அவசரப்பட்டு இழுத்தால் பாதி எழுத்து ஷீட்டோடு போய்விடும்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது கொடைக்கு, சூட்டில் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாளான வினைலை வெட்டி ‘முத்தாரம்மன் துணை’ என்று ஒட்டினோம். வினைலில் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு. தேவையில்லாத பகுதியை உரிக்கும்போது புள்ளிகளும் கூடவே வந்துவிட்டன, யாரும் கவனிக்கவில்லை. கொடையன்று ஓர் ஆச்சி நெஞ்சில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “அம்மன் பேர ஒழுங்கா எழுதலயேப்பா” என்றார். ‘முததாரமமன’ என்று இருந்தது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதிலிருந்து புள்ளியைப் பெரிதாக்கி வெட்டுகிறோம், ஒட்டுவதற்கு முன் ஒருவர் வாசிக்க இன்னொருவர் எண்ணிப் பார்க்கிறோம். ண, ன, ணை போன்ற எழுத்துகளின் சுழிகளும் சின்ன அளவில் அடைந்துபோகும். மெல்லிய எழுத்துருவை விட்டுவிட்டுத் தடித்ததை எடுங்கள்.

போனில் தட்டிய யூனிகோட் தமிழைக் கடைக் கம்ப்யூட்டரில் பாமினி மாதிரி பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது எழுத்து கலைந்துபோகலாம். சில மென்பொருளில் ‘கொடை’யின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். நீங்களே படமாக, பிஎன்ஜி கோப்பாகச் சேமித்துக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஐம்பது, அறுபது பனியன் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் கட்டுப்படியாகும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை வழியாக மையைத் துணியில் இறக்குவது அது. கல்யாணப் பத்திரிகை அடித்த ஸ்கிரீனை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் வலை மிக நெருக்கமானது, துணிக்கு வேண்டிய மை இறங்காது. எங்கள் வெயிலில் தண்ணீர் கலந்த மை வலையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஃபேனை நிறுத்துங்கள், ஒரு பனியனுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஸ்கிரீன் மேல் மையை மெல்லப் பரப்பி வையுங்கள். ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் அடிக்கிற மேல்காற்றில் மொட்டை மாடியில் காயப்போட்டால் ஈர மையில் மண் ஒட்டும். அதே நாட்களில் தென்காசி, குற்றாலத்தில் சாரல். வலையில் படத்தைப் பதிக்க ஸ்கிரீனில் பூசுகிற, வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷன் எளிதில் காயாது. அரைகுறையாகக் காய்ந்ததை வெளிச்சத்தில் காட்டினால் கழுவும்போது படம் கரைந்து ஓடும். மை காய்ந்துவிட்டதே என்று அப்படியே விடவும் கூடாது, மேலே பருத்தித் துணி போட்டு இஸ்திரிச் சூடு கொடுத்தால்தான் மையைத் துணியோடு பிடித்துவைக்கிற பைண்டர் இறுகும். பிளாஸ்டிக் வகையான பிளாஸ்டிசால் மையோ எத்தனை நாள் வைத்தாலும் காற்றில் காயாது, அதற்கு 160 டிகிரி அளவில் சூடு வேண்டும்.

ஸ்கிரீனில் பூச பைக்குரோமேட் கலந்த பழைய கலவை இன்னும் விற்கிறது. புற்றுநோய் வரவழைக்கக்கூடிய ரசாயனம் அது. குழந்தைகள் நடமாடுகிற வீட்டில் அதை வைத்திருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அது இல்லாத எமல்ஷன் கிடைக்கிறது. மீந்த மையை வழித்தெடுத்துக் காகிதத்தில் தடவிக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். வாளியோடு வாய்க்காலில் கவிழ்க்க வேண்டாம், தாமிரபரணித் தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாகத்தான் வயலுக்குப் போகிறது.

அப்புறம், அடித்த பனியனை ஒரு நாளாவது தண்ணீர் படாமல் வையுங்கள். கொடுக்கும்போது வாங்குபவரிடம் மட்டும் சொன்னால் போதாது, வீட்டில் துவைப்பவரிடமும் சொல்லுங்கள். படித்துறைக் கல்லில் ஓங்கி அடிக்க வேண்டாம், உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டு, திருப்பியபடியே தேய்க்க வேண்டும். நாங்கள் இதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒவ்வொரு பனியனுக்குள்ளும் மடித்து வைக்கிறோம்.