லினக்ஸ் டெர்மினலில் கோப்பு அனுமதியை மாற்றுவது எப்படி?

தோவாளைச் சந்தையில் பிச்சியின் விலை இன்றொன்று நாளையொன்று என்பதால், பூக்கடைக்காரர் ஒருவருக்குக் கணக்குப் போட ‘பூவிலை’ என்ற சிறிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகள் அடங்கிய கோப்பு, எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதை இயக்கியபோது ‘பெர்மிஷன் டினைடு’ என்ற மறுப்புதான் வந்தது. ஸ்கிரிப்டில் பிழையில்லை, இயக்கும் அனுமதிதான் இல்லை.

முதலில், கோப்பு இருக்கும் கோப்புறைக்குச் சென்று ‘எல்எஸ் -எல்’ (ls -l) கட்டளையைக் கொடுங்கள். கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். வரியின் தொடக்கத்தில் உள்ள பத்துக் குறிகளில் முதலாவது சிறுகோடாக இருந்தால் அது சாதாரணக் கோப்பு, ‘டி’ என்றிருந்தால் கோப்புறை. எஞ்சிய ஒன்பதும் மும்மூன்றாகப் பிரிந்து, உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்ற வரிசையில் அமைந்திருக்கும். ‘ஆர்’ வாசிக்கவும், ‘டபிள்யூ’ எழுதவும், ‘எக்ஸ்’ இயக்கவும் உள்ள அனுமதிகள். அனுமதி இல்லாத இடத்தில் சிறுகோடு நிற்கும்.

அடுத்தது கூட்டல். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. கடைக்காரருக்கு மூன்றும் வேண்டும் என்பதால் 7. கோப்பின் குழுவில் இருக்கும் கணக்குப்பிள்ளை ஸ்கிரிப்டை இயக்கினால் போதும்; ஆனால் வாசிக்க முடியாத ஸ்கிரிப்டை இயக்கவும் முடியாது என்பதால், அவருக்கு 4ம் 1ம் சேர்ந்து 5. மற்றவர்களுக்கு 0.

இனி ‘சிஎச்மோட் 750 பூவிலை’ (சிஎச்மோட் என்பது chmod) என்று தட்டி என்டரை அழுத்துங்கள். மாற்றம் நடந்துவிட்டால் டெர்மினல் எதுவும் சொல்லாது. மீண்டும் ‘எல்எஸ் -எல்’ கொடுத்துச் சரிபார்த்தபின், ‘./பூவிலை’ என்று இயக்கலாம். கோப்பு உங்களுடையதாக இல்லாவிட்டால் நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளையை இயக்கும் ‘சூடோ’வை (sudo) முன்னால் சேர்க்க வேண்டியிருக்கும்.

அவசரத்தில் 777 கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் விலையைத் திருத்திவிடலாம் என்பதால் நான் அதைக் கொடுப்பதில்லை.

கோப்புறையில் மட்டும் ‘எக்ஸ்’ என்பதற்கு உள்ளே நுழையும் அனுமதி என்று பொருள். இதை மறந்து, உள்ளிருப்பவை அனைத்தையும் ஒரே வீச்சில் மாற்றும் பெரிய எழுத்து ‘-ஆர்’ தெரிவோடு என் கோப்புறை ஒன்றுக்கு 644 கொடுத்தேன். கோப்புறையின் ‘எக்ஸ்’ முதலில் போய்விட்டதால் கட்டளையே உள்ளே நுழைய முடியாமல் நின்றது. பட்டியலில் கோப்புப் பெயர்கள் தெரிந்தன, அனுமதி இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். கோப்புறைக்கு மட்டும் 750 கொடுத்ததும் வழி திறந்தது. உள்ளேயிருந்த கோப்புகள் பழையபடியே இருந்தன.