வீட்டுச் செடியில் வேட்டைப்பேன் விடுவது எப்படி?

வேட்டைப்பேன் விட்டும் பலனில்லை என்பவர்களில் பலர், பேனைச் சரியாகத்தான் விட்டிருப்பார்கள். சில வாரம் முன்பு செடிக்கு அடித்த மருந்துதான் அதைக் கொன்றிருக்கும். அதனால் இந்தச் செய்முறையில் பேன் விடுவது சின்ன வேலை, அதற்கு முந்தைய தயாரிப்புதான் பெரிது.

பெயர்க் குழப்பம் வேண்டாம்: சாற்றை உறிஞ்சுவது சிலந்திப்பேன், அதைத் தின்ன நாம் விடுவது வேட்டைப்பேன். வளர்ந்தால் இரண்டுக்கும் எட்டுக் கால், எனவே இரண்டும் பூச்சியே அல்ல. ஆனால் விற்பனையில் எல்லாம் 'நன்மை செய்யும் பூச்சி' கணக்கில்தான் வரும்.

1. வந்திருப்பது எது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். ஃபோன் கேமராவை நம்பாதீர்கள், முட்டை தெரியாது.

இலையை ஊசியால் குத்தியது போல வெளிர் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை என்றால் சிலந்திப்பேன். அதற்கு ஃபைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ் என்ற வேட்டைப்பேன். வெள்ளி பூசியது போன்ற கீற்றும் அதன்மேல் கறுப்பு எச்சப் புள்ளிகளும் இருந்தால் இலைப்பேன் (த்ரிப்ஸ்). அதற்கு ஆம்ப்ளிசியஸ் ஸ்விர்ஸ்கி அல்லது நியோசியுலஸ் குக்குமெரிஸ். இவை இலைப்பேனின் இளம் புழுவைத்தான் பிடிக்கும், வளர்ந்ததைப் பிடிக்காது. பஞ்சு ஒட்டியது போல இருந்தால் மாவுப்பூச்சி, அதற்கு கிரிப்டோலேமஸ் பொறிவண்டு. தண்ணீர் ஊற்றும்போது மண்ணிலிருந்து கொசு போன்ற கறுப்பு ஈ கிளம்பினால் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் என்ற மண் பேன்.

மாற்றி வாங்கினால் பணம் வீண். பெர்சிமிலிஸ் சிலந்திப்பேனை விட்டு வேறெதையும் சீண்டாது. மாவுப்பூச்சிச் செடியில் விட்டால் பட்டினியில் சாகும்.

2. மருந்தை நிறுத்துங்கள் (இங்கேதான் சறுக்கும்)

பைரித்ராய்டு வகை மருந்துகள் இலையில் 8 முதல் 12 வாரம் வரை தங்கி வேட்டைப்பேனைக் கொல்லும். சிலந்திப்பேனோ பல மருந்துகளுக்குப் பழகிப்போன ஜாதி, அது பிழைத்துக்கொள்ளும். காவல்காரன் செத்து, திருடன் மட்டும் மிஞ்சுவான். மருந்து அடித்தபின் சிலந்திப்பேன் இன்னும் பெருகுவது இதனால்தான்.

புட்டியின் முன்பக்க விளம்பரத்தை விடுங்கள், பின்னால் மூலப்பொருளைப் படியுங்கள். சைபர்மெத்ரின், பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பைஃபென்த்ரின் என்று 'த்ரின்' என முடிந்தால் அந்தக் குடும்பம். கந்தகத் தூளும் வேட்டைப்பேனுக்கு ஆகாது. சோப்புக் கரைசல் ஈரமாக இருக்கும்வரைதான் கொல்லும், காய்ந்தால் பயமில்லை. வேப்பெண்ணெய் அடித்திருந்தால் ஒரு வாரம் பொறுங்கள்.

எப்போது எதை அடித்தோம் என்றே நினைவில்லையா? அந்தச் செடியின் இலை ஒன்றை மூடியுள்ள டப்பாவில் போட்டு, நாலைந்து வேட்டைப்பேனை விட்டு ஒரு நாள் வையுங்கள். மறுநாள் ஓடித் திரிந்தால் மீதியை விடலாம். கால் மடங்கிக் கிடந்தால் செடியைத் தொடாதீர்கள்.

3. கழுவுங்கள், ஈரப்பதம் ஏற்றுங்கள்

பேன் வருவதற்கு முந்தின நாள் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். வலை மண்டிப்போன இலைகளை வெட்டி எறியுங்கள். முழுக்க ஒழிக்க வேண்டியதில்லை, வருகிற விருந்தாளிக்குக் கொஞ்சம் சாப்பாடு மிஞ்சவேண்டும்.

பெர்சிமிலிஸ் முட்டை பொரிய ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அளவுமானியைச் சுவரில் மாட்டாதீர்கள், இலைகளுக்கு நடுவே வையுங்கள். ஏசி ஓடும் அறையில் இந்த அளவு தானாக வராது. தொட்டிகளை நெருக்கி வைத்து, ஈரமூட்டி போடுங்கள். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பது பெயருக்குத்தான். அறை வறட்சியாகவே இருக்கும் என்றால் நியோசியுலஸ் கலிஃபோர்னிகஸ் வாங்குங்கள். மெதுவாகத்தான் தின்னும், ஆனால் வறட்சி தாங்கும், இரை இல்லாதபோது மகரந்தத்தைத் தின்று காலம் தள்ளும்.

வெப்பநிலையும் முக்கியம். 20 டிகிரியில் பெர்சிமிலிஸ் சுமார் 9 நாளில் வளர்ந்துவிடும், சிலந்திப்பேனுக்குச் சுமார் 17 நாள் ஆகும். அந்த வேகம்தான் நம் பலம். 30 டிகிரியைத் தாண்டிய வறண்ட அறையில் அது கைநழுவிவிடும்.

4. விடுதல்

வந்த அன்றே விடுங்கள். முடியாவிட்டால் புட்டியைப் படுக்கவைத்து 8–10 டிகிரியில் ஒரு நாள் வைக்கலாம். ஃபிரிட்ஜின் உள்தட்டு அதைவிடக் குளிர்ச்சி, அங்கே வேண்டாம்.

பேன்கள் மூடிப் பக்கம் ஏறி நிற்கும். நேராகத் திறந்து கொட்டினால் முதல் செடியிலேயே பாதி கூட்டம் இறங்கிவிடும், கடைசிச் செடிக்குப் பேனோடு அடைத்துவரும் வெறும் வெர்மிகுலைட் தூள்தான். மூடியோடு புட்டியைப் படுக்கையாகப் பிடித்து மெதுவாக உருட்டுங்கள், பிறகு திறந்து இலைமேல் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். பத்துச் சிலந்திப்பேனுக்கு ஒரு வேட்டைப்பேன் என்பது நல்ல கணக்கு. தூளை இரண்டு மூன்று நாள் தட்டிவிடாதீர்கள்.

இவற்றுக்கு இறக்கை இல்லை. தொட்டிக்குத் தொட்டி இலை உரசினால்தான் கடக்கும். உரசவில்லை என்றால் நூலோ குச்சியோ பாலமாகக் கட்டுங்கள்.

ஸ்விர்ஸ்கியும் குக்குமெரிஸும் தொங்கவிடும் சிறு பையாகவும் கிடைக்கும். பையில் துளை ஏற்கெனவே இருக்கும், வெட்டாதீர்கள். வெயில் படாத இடத்தில் இலைகளுக்குள் தொங்கவிட்டால் 4 முதல் 6 வாரம் பேன் வெளிவந்துகொண்டே இருக்கும்.

5. வேலை நடக்கிறதா?

ஒரு வாரம் கழித்து லென்ஸில் பாருங்கள். சிலந்திப்பேன் மங்கலான நிறம், முதுகில் இரு கரும்புள்ளி, சோம்பேறி நடை. பெர்சிமிலிஸ் பளபளக்கும் ஆரஞ்சுச் சிவப்பு, பேரிக்காய் வடிவம், விரட்டியது போல ஓடும். முட்டையைப் பார்ப்பது இன்னும் உறுதி: உருண்டை என்றால் எதிரியுடையது, அதைவிடப் பெரிதாய் நீள்வட்டமாக இருந்தால் நம்முடையது. பழைய புள்ளிகள் மறையாது. புது இலை சுத்தமாக வருகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

இரை தீர்ந்ததும் பெர்சிமிலிஸும் தீர்ந்துபோகும். அது தோல்வி அல்ல. மறுபடி வந்தால் மறுபடி விடவேண்டும்.

மாவுப்பூச்சிக்கு மட்டும் தனியாக

கிரிப்டோலேமஸ் ஆஸ்திரேலிய வண்டு. 1890களின் தொடக்கத்திலேயே கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. வளர்ந்த வண்டு நேராக ஜன்னலுக்குப் பறக்கும். எனவே மாலையில் விளக்கை அணைத்துவிட்டு வண்டை விடுங்கள், செடியை மூன்று நாள் வலைத்துணியால் மூடுங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். புழுவாகக் கிடைத்தால் புழுவையே வாங்குவேன், பறந்துபோகாது.

எறும்பு இருந்தால் முதலில் அதைத் தடுங்கள். இனிப்புக் கசிவுக்காக மாவுப்பூச்சியைக் காத்து, வண்டை விரட்டும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே ஒரு கல்மேல் வைத்தால் போதும்.

பின்சேர்க்கை: "வண்டு விட்டபின் மாவுப்பூச்சி பெரிதாகிவிட்டது, தேய்த்து எறிந்துவிட்டேன்" என்று அடிக்கடி கேட்கிறேன். எறிந்தது வண்டின் புழு. அதன் உடலிலும் வெள்ளை மெழுகு இழைகள் சிலிர்த்திருக்கும். ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளரும், மாவுப்பூச்சி அதில் பாதிகூட வராது. ஈர்க்குச்சியால் தொடுங்கள். விறுவிறுவென்று நகர்ந்தால் விட்டுவிடுங்கள்.