செல்போன் காலத்தில் பேப்பர் படிப்பது எப்படி: பொடி எழுத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் பக்கத்தில் இருப்பதெல்லாம் நேற்று ராத்திரியே போனில் பார்த்ததுதானே, பிறகு எதற்கு மாதாமாதம் ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்கிறோம், நிறுத்திவிடலாமா என்று இப்போது நிறைய வீடுகளில் பேச்சு நடக்கிறது. எங்கள் வீட்டிலும் நடந்தது. நிறுத்தவில்லை, படிக்கும் முறையை மட்டும் மாற்றிக்கொண்டோம். சுடச்சுடச் செய்தி தருவதில் அச்சுப் பத்திரிகை தோற்றுப் பல வருடம் ஆகிறது, அதை ஒப்புக்கொள்ள ஒரு தயக்கமும் வேண்டாம். ஆனால் அரசாங்கமும் நீதிமன்றமும் வங்கியும் "உங்களிடம் சொல்லிவிட்டோம்" என்று சட்டப்படி கணக்கு வைத்துக்கொள்ளும் இடங்களில் பேப்பர் இன்றைக்கும் முக்கியமான ஒன்று. அந்தச் சட்ட அறிவிப்புகளின் எழுத்து உள்பக்கங்களில், மிகப் பொடியாக, பெரும்பாலானவர்கள் கண்ணை ஓட்டாத கட்டங்களுக்குள் கிடக்கிறது. அதைப் படித்துப் பழகுவது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. கோவில்பட்டிப் பக்கத்தில் கிராமம். டீக்கடையில் பேப்பர் வந்ததும் எல்லோரும் முதல் தாளுக்கு அடித்துக்கொள்வார்கள், இவர் மட்டும் உள்தாளை உருவிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் அப்படிப் பார்த்தபோது வக்கீல் ஒருவர் கொடுத்த பொது அறிவிப்பில் ஒரு சர்வே எண் கண்ணில் பட்டிருக்கிறது. தாத்தா காலத்து நிலம், பாகப்பிரிவினை ஆகாதது. அதைத் தன்னுடையது என்று சொல்லி உறவுக்காரர் ஒருவர் விற்க இருந்தார், ஆட்சேபனை உள்ளவர்கள் 15 நாளைக்குள் தெரிவிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதில் என் அத்தைக்கும் பங்கு உண்டு. பெரியப்பா அன்றைக்கே பஸ் ஏறி ஒரு வக்கீலைப் பார்த்து, ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பினார். வாங்க இருந்தவர் பின்வாங்கிக்கொண்டார். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசி அத்தையின் பங்கைப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த உறவுக்காரர் இந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டார்.

சரி, எப்படிப் படிப்பது?

மேலிருந்து படிக்காதீர்கள். "இதன்மூலம் பொதுமக்களுக்குத் தெரிவிப்பது யாதெனில்" என்று ஆரம்பித்து "என் கட்சிக்காரர்", "மேற்படி", "பாத்தியதை", "கிரயம்" என்று போகும் அந்த நடையில் இரண்டு வரிக்குள் கண் சோர்ந்துவிடும். சி.பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கி, அதிகம் படிக்காதவர்களும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி செய்தித் தமிழை எளிமையாக்கினார், ஆனால் அந்த எளிமை அறிவிப்புக் கட்டங்களுக்குள் நுழையவே இல்லை, அங்கே இன்னும் பத்திர எழுத்தர் தமிழ்தான். அதனால் நேராக அடியில் இருக்கும் சொத்து விவரத்துக்குப் போங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே எண்தான்), விஸ்தீரணம் (பரப்பளவு), நான்கெல்லை. உங்கள் ஊர் இல்லையா, அடுத்ததற்குப் போங்கள். உங்கள் ஊர் என்றால் எண்ணைப் பாருங்கள். எண் ஒத்துப்போனால் மட்டும் மேலே வந்து முழுதாகப் படியுங்கள். இப்படிப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

இதற்கு முதலில் உங்களுடைய எண்கள் உங்களுக்குத் தெரிய வேண்டும். பலருக்குத் தெரியாது. இந்த வாரமே பட்டாவையும் பத்திரத்தையும் எடுத்து, வீடு, நிலம், குடும்பத்தில் பிரிக்காமல் கிடக்கும் சொத்து எல்லாவற்றின் சர்வே எண்ணையும் உட்பிரிவோடு ஒரு தாளில் எழுதி நாள்காட்டிக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். அம்மா வழிச் சொத்தையும் சேர்த்து எழுதுங்கள், பெண்களின் பங்குதான் இந்த மாதிரி அறிவிப்புகளில் சத்தமில்லாமல் கரைந்துபோகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தனியார் வக்கீல் கொடுக்கும் 15 நாள் கெடு தாண்டிவிட்டால் உரிமை போய்விடும் என்று பயப்பட வேண்டாம், போகாது. ஆனால் "நான் விசாரித்துத்தான் வாங்கினேன், பேப்பரில் போட்டேன், யாரும் வரவில்லை" என்று வாங்கியவர் நாளை நீதிமன்றத்தில் சொல்ல அந்த அறிவிப்பு அவருக்குக் கைகொடுக்கும். அதனால் முன்னாலேயே பதில் கொடுத்துவிடுவது நல்லது.

நில எடுப்பு அறிவிப்பில் கெடு வேறு மாதிரி, அங்கே உண்மையாகவே நாள் எண்ண வேண்டும். 2013-ம் வருட நில எடுப்புச் சட்டப்படி முதல்நிலை அறிவிப்பு அரசிதழில் (கெஜட்டில்) மட்டும் வந்தால் போதாது, அந்தப் பகுதியில் புழங்கும் இரண்டு நாளிதழ்களிலும் வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். ஆட்சேபனை சொல்ல 60 நாள். ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தால் அதற்குத் தனிச் சட்டம், 1956-ம் வருடத்தது. அதிலும் இரண்டு நாளிதழ் உண்டு, ஆட்சேபனைக்கோ 21 நாள்தான், அதுவும் அரசிதழில் வந்த தேதியிலிருந்து. அதாவது பேப்பரில் உங்கள் கண்ணில் படும்போதே கெடுவில் சில நாட்கள் போயிருக்கலாம். 2018-ல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக நிலம் எடுக்க முயன்றது இந்த நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ்தான். ஆகவே நில எடுப்பு அறிவிப்பைப் பார்த்தால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, அரசிதழ் தேதி என்ன, இந்த மூன்றையும் முதலில் அடிக்கோடிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது வங்கி அறிவிப்பு. கடன் கட்டாத சொத்தை வங்கி சுவாதீனம் எடுத்தால், அதாவது தன் கைக்குக் கொண்டுவந்தால், ஏழு நாளுக்குள் இரண்டு முன்னணி நாளிதழ்களில் போட வேண்டும், ஒன்று வட்டார மொழியில். இதை ஏதோ கடன்காரர் விஷயம் என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அதில் இருக்கலாம், நீங்கள் அட்வான்ஸ் கொடுக்கப்போகும் ஃபிளாட் அதில் இருக்கலாம். வீடு வாங்கத் தேடிக்கொண்டிருக்கும் மாதங்களில் இந்தக் கட்டங்களை ஒருநாள் விடாமல் பாருங்கள், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்த பிறகும் பாருங்கள், ஏனென்றால் பதிவாகாத குடும்பத் தகராறு அந்தச் சான்றில் வராது, வாரிசுகளில் ஒருவர் கொடுக்கும் எச்சரிக்கை அறிவிப்பில்தான் வரும். கடன் வாங்கியவர் நீங்களே என்றால், வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் இருக்கிறது. சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயம் உண்டு.

நீதிமன்ற அறிவிப்புகளில் பெயரையும் ஊரையும் பாருங்கள். சம்மனை நேரில் கொடுக்க முடியவில்லை என்றால், எதிர்த்தரப்பு கடைசியாக வசித்த பகுதியில் புழங்கும் நாளிதழில் விளம்பரம் செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. "வாய்தா தேதியில் ஆஜராகத் தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும்" என்று கடைசி வரி இருக்கும். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கிற பையனுக்கு ஊரில் வழக்கு ஒன்று ஓடிக்கொண்டிருப்பதே தெரியாது, ஆனால் ஊர்ப் பேப்பரில் அவன் பெயர் வந்து போயிருக்கும். தெரிந்த பெயர் கண்ணில் பட்டால் படம் பிடித்து அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெரிய உதவி அது.

ஊர்ப் பக்கத்தில் ஆலையோ குவாரியோ வருகிறது என்று பேச்சு அடிபட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிவிப்பைத் தேடுங்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கு மக்கள் கருத்துக்கேட்பு நடத்த வேண்டிய திட்டம் என்றால் 2006-ம் வருட அறிவிக்கைப்படி ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் குறைந்தது 30 நாள் முன்பே சொல்ல வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் அதிலேயே இருக்கும், போய்க் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள்.

தேர்தல் நேரத்தில் இன்னொரு கட்டம் வரும். குற்ற வழக்கு உள்ள வேட்பாளர் அந்த விவரத்தை நாளிதழிலும் டிவியிலும் மூன்று முறை தானே வெளியிட வேண்டும், உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. சிரித்த முகத்தோடு முழுப்பக்க விளம்பரம் ஒரு பக்கம், இந்தப் பொடி எழுத்து வேறொரு பக்கம். இரண்டையும் படித்துவிட்டு ஓட்டுப் போடப் போங்கள்.

செய்திப் பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம். செய்தி மாதிரி இருந்து விளம்பரமாக இருப்பதைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். 2009 மக்களவைத் தேர்தலில் பணம் வாங்கிக்கொண்டு செய்தி போட்டது நாடு முழுக்கப் பிரச்சினையாகி, பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2010-ல் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு எம்.எல்.ஏ. இப்படிப்பட்ட செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011-ல் தேர்தல் ஆணையத்தால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: இரண்டு வெவ்வேறு பேப்பரை அருகருகே வையுங்கள், ஒரே வேட்பாளரைப் பற்றி ஒரே வாக்கியங்கள் இரண்டிலும் இருந்தால் சந்தேகப்படுங்கள். மூலையில் "விளம்பரம்" என்று எறும்பு சைஸில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இங்கேதான் அச்சுக்கு ஒரு பலம் இருக்கிறது. இணையத்தில் காலையில் ஒரு தலைப்பு, மதியம் வேறு தலைப்பு, ராத்திரி அந்தப் பக்கமே இருக்காது. அச்சில் போனது போனதுதான், தப்பாக இருந்தாலும் அப்படியே இருக்கும். கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டு வெளியிடுபவர் யார், ஆசிரியர் யார், எந்த அச்சகம் என்று ஒரு வரி இருக்கும். 1867-ம் வருடச் சட்டத்தால் வந்த வழக்கம் அது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2023-ம் வருடச் சட்டம் வந்திருக்கிறது. யாரைக் கேட்பது என்பதற்கு அந்த வரி பதில் சொல்கிறது. உங்களைப் பற்றியோ உங்கள் ஊரைப் பற்றியோ தவறான செய்தி வந்தால் தேதி, பதிப்பு, பக்கம், தலைப்பு, எது தவறு, என்ன ஆதாரம் என்று எழுதி முதலில் ஆசிரியருக்கு அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் பத்திரிகை கவுன்சிலுக்குப் போகலாம், நாளிதழ் செய்தி என்றால் இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும். அபராதம் போட கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை, கண்டிக்கலாம், எச்சரிக்கலாம், அவ்வளவுதான். டிவி செய்தி அதன் எல்லைக்குள் வராது.

எந்தப் பேப்பர் வாங்குவது என்று கேட்டால், உங்கள் மாவட்டத்துக்குப் பதிப்பு இருப்பதை வாங்குங்கள். சட்டம் "அந்தப் பகுதியில் புழங்கும் நாளிதழ்" என்று சொல்கிறதே தவிர எது என்று பெயர் சொல்வதில்லை, அதனால் ஒரே பேப்பரில் எல்லா அறிவிப்பும் வராது. நீங்கள் தினத்தந்தி, பக்கத்து வீட்டில் தினமணி, எதிர்வீட்டில் தினமலர் என்றால் சாயங்காலம் உள்தாளை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கிளை நூலகம் இருக்கிறது. பதிப்பைக் கவனியுங்கள், தென்காசி நிலத்துக்கு யாராவது வேண்டுமென்றே வேறு மூலைப் பதிப்பில் அறிவிப்பு கொடுத்திருந்தால் அதுவே நாளை உங்கள் வக்கீலுக்கு ஒரு வாதம். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் இ-பேப்பரில் சொந்த ஊர்ப் பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், செயலியில் வரும் செய்திகளில் இந்த அறிவிப்புகள் வராது, பக்கத்தை அப்படியே காட்டும் இ-பேப்பரில்தான் வரும்.

முக்கியமான அறிவிப்பைக் கண்டால் கட்டத்தை மட்டும் வெட்டாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. தேதியும் பதிப்பும் பக்கத்தின் மேல்விளிம்பில் இருக்கிறது, அதை வெட்டிப் போட்டுவிட்டால் பாதி மதிப்புப் போச்சு. முழுத்தாளையும் வையுங்கள். பேப்பர் காகிதம் வெயில் பட்டால் சில மாதத்திலேயே மஞ்சளாகிப் பொடிந்துவிடும், ஆகவே நல்ல வெள்ளைத் தாளில் ஒரு ஜெராக்ஸ், போனில் ஒரு தெளிவான படம், அசல் ஒரு கவருக்குள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: செய்தி வந்திருக்கிறது என்பதற்காகவே அதில் சொன்ன சம்பவம் நீதிமன்றத்தில் நிரூபணம் ஆகிவிடாது, செய்தி என்பது கேள்விப்பட்டதுதான் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 1988-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறிவிப்பு வந்ததா, எந்தத் தேதியில் வந்தது என்பதைக் காட்டத்தான் உங்கள் தாள் உதவும்.

தாளைத் தவறவிட்டு, பழைய தேதிப் பேப்பர் வேண்டும் என்றால், முதலில் அந்தப் பத்திரிகையின் அலுவலகத்திலேயே கேளுங்கள், சமீபத்திய இதழ்கள் விலைக்குக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. அங்கே இல்லை என்றால் சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1896-ல் திறந்தது, நாட்டில் வெளியாகும் இதழ்களைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் ஒன்று. இன்னும் பழையது, தாத்தா காலத்தது என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள். தேதி சரியாகத் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். "ரெண்டு வருஷம் முன்னாடி, பொங்கல் பக்கம்" என்ற அளவில்தான் ஞாபகம் என்றால் மாதக் கட்டாகக் கேட்டு வாங்கிப் புரட்ட வேண்டியிருக்கும், காலையில் திறந்தவுடனே போய்விடுங்கள், சர்வே எண் எழுதிய தாளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.