அரிப்போடு கிளினிக் போகும் முன்

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட வேலையில் பூட்ஸுக்குள்ளும் இடுப்பு வாருக்கு அடியிலும் வியர்வை தேங்கிக் கிடக்கும். அங்கே அரித்தால் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் முதலில் தேடுவது ஒரு ட்யூப் களிம்பு. கிளினிக் டாக்டர் பிறகு தடுமாறுவது பல சமயம் அந்த ட்யூபால்தான்.

படர்தாமரை என்ற பூஞ்சை நோய்க்கு அடையாளம் அதன் ஓரம். வட்டமாகப் பரவும், விளிம்பு மேடிட்டுச் செதில் உரியும், நடு தெளிந்திருக்கும். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்த களிம்பு அந்த விளிம்பையே மழுக்கிவிடும். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும், நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். ட்யூபில் பெட்டாமெத்தாசோன், குளோபெட்டாசோல் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. காலி ட்யூபாக இருந்தாலும் கையோடு கொண்டு போங்கள். “வெள்ளை க்ரீம்” என்றால் எந்த டாக்டருக்கும் விளங்காது.

போகிற அன்று களிம்பு, பவுடர் எதுவும் வேண்டாம். தொடக்கத்திலேயே பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். நம் நிறத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. பழுப்பாகவோ கருநீலமாகவோ நிற்கும். வெள்ளைத் தோல் படங்களைப் பார்த்தே படித்தவருக்கு இது சட்டென்று பிடிபடாது. சந்தேகமிருந்தால் செதிலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். விளிம்பில் சுரண்ட வேண்டும். பூஞ்சை மருந்து ஏற்கெனவே பூசியிருந்தால் பூஞ்சை இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம், அதையும் சொல்லிவிடுங்கள்.

குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக் களிம்பு கொடுத்தால் காலை மாலை பூசவும், விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை. ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். தோல் தெளிந்த பிறகும் 2 வாரம் விடாதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ராத்திரியில் அரிப்பு கூடி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு கொப்புளம் வந்து, வீட்டில் இன்னொருவரும் சொறிந்தால் அது தோலுக்குள் புகும் நுண்ணிய பூச்சியால் வரும் சொறிசிரங்காக இருக்கலாம். இதற்கு அந்தப் பூச்சியைக் கொல்லும் 5% பெர்மெத்ரின் களிம்பு. பெரியவருக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 30 கிராம்: கழுத்திலிருந்து பாதம் வரை, தொப்புள், நக அடி, விரலிடுக்கு விடாமல். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கவும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூசவும். அரிப்பில்லாதவர் உட்பட வீட்டில் எல்லோருக்கும் ஒரே இரவில் பூச வேண்டும், 7 நாள் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டே பூசுங்கள். துணி, போர்வையை வெந்நீரில் துவையுங்கள். முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். பூச்சி செத்தும் 2 முதல் 4 வாரம் அரிக்கும். மருந்து கேட்கவில்லை என்று தினமும் பூசினால் தோல்தான் எரியும்.

அரிக்கவே அரிக்காத வெளிறிய திட்டு வேறு சங்கதி. கண்ணை மூடச் சொல்லி பஞ்சால் தொடுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயா என்று பார்த்தாக வேண்டும். மாத்திரையில் குணமாகும், 6 மாதமோ 12 மாதமோ ஆகும். தாமதித்தால் நரம்பு கெடும். களிம்பு தேடாமல் நேரே கவர்மெண்ட் கிளினிக் போய், தோல் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள்.