ரைஃபிள் கிளப்பில் ஒரு வேலை நாள் நடத்துவது எப்படி

மாவட்ட அளவில் ஒரு ரைஃபிள் கிளப்பை நடத்துகிறவர்களுக்குத் தெரியும், எல்லா வேலைக்கும் கூலி ஆள் வைக்க சந்தா பணம் பத்தாது. கூரை ஒழுகும், புல் இடுப்பளவு வளரும், டார்கெட் ஓடும் கம்பி தொய்ந்துபோகும். இதில் பாதிக்கு மேல் உறுப்பினர்களே ஒரு நாள் கூடிச் செய்துவிடலாம். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்துடுங்க" என்று போட்டால் மட்டும் நடக்காது. ஆட்கள் வருவார்கள், அதில் பெரும்பாலும் குறை இருக்காது. வந்தவர்கள் மண்வெட்டி எங்கே, பெயின்ட் யார் வாங்கினார்கள் என்று கேட்டுக்கொண்டே பத்து மணி வரை நின்றால், அடுத்த முறை கூப்பிடும்போது வரமாட்டார்கள். ஆகவே வேலை நாளின் முக்கால்வாசி அதற்கு முந்தைய இரண்டு வாரத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற காலம் செப்டம்பர். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மண் வேலையும் பெயின்ட் வேலையும் டிசம்பர் வரை தள்ளிப்போகும். போட்டி எதுவும் இல்லாத ஞாயிறாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதி முடிவானதும் கிளப் செயலாளரும், ரேஞ்சில் (சுடும் இடத்தில்) பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசரும், கட்டட வேலை தெரிந்த ஒருவரும் நோட்டுப் புத்தகத்தோடு கேட்டிலிருந்து, குண்டைத் தடுக்கும் மண்கரையின் பின்பக்கம் வரை நடந்து பாருங்கள். "ரேஞ்ச் சுத்தம்" என்று எழுதினால் அது வேலை இல்லை. "3ஆம் லேனிலிருந்து 8 வரை டார்கெட் கம்பியை இறுக்கணும், இரண்டு பேர், ஸ்பேனர், ஒரு மணி நேரம்" என்று எழுதினால்தான் வேலை (லேன் என்பது ஒருவர் நின்று சுடும் தடம்). ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் பக்கத்திலேயே இருக்கட்டும், பொருள் வாங்குவதும் அவர் பொறுப்பு. வயரிங், ஆஸ்பெஸ்டாஸ் கூரை இரண்டையும் தொண்டர்கள் பட்டியலில் சேர்க்கவே கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேலே ஏறினால் உடைந்து ஆள் கீழே விழுவார், அறுத்தாலோ துளைத்தாலோ வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதற்குத் தெரிந்த ஆளை வேறொரு நாள் கூலிக்கு அழையுங்கள்.

அப்புறம் ஒரு விதியை முதல் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்: அன்றைக்கு யாரும் சுடக் கூடாது. "காலையில் வேலை, மதியம் ரெண்டு சீரிஸ் போட்டுட்டுப் போறேன்" (ஒரு சீரிஸ் என்றால் பத்து ஷாட்) என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கண்டிப்பாகக் கூடாது. ரேஞ்சின் குறுக்கே ஆட்கள் நடமாடும் நாளில் துப்பாக்கி வீட்டிலோ பூட்டிய ஆயுத அறையிலோதான் இருக்க வேண்டும், சாவி ரேஞ்ச் ஆபீசர் கையில். கேட்டில் சிவப்புக் கொடி. அவர் எல்லாம் பூட்டியாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் யாரும் ஃபயரிங் லைனை, அதாவது நின்று சுடும் கோட்டை, தாண்ட வேண்டும். புல்லை வெட்டும்போது வெடிக்காத .22 தோட்டா ஒன்றிரண்டு கிடைக்கலாம். அதை ஞாபகப் பொருளாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. உரிமம் இல்லாதவர் தோட்டா வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம், உறுப்பினரோடு கூட வந்த தம்பிக்கு அது தெரிந்திருக்காது. கண்டவர் தொடாமல் நின்று ஆபீசரைக் கூப்பிட வேண்டும் என்பதைக் காலையில் எல்லோரும் கேட்கும்படி சொல்லுங்கள்.

இப்போது ஈயம். இதில்தான் நம் கிளப்புகள் மிகவும் அலட்சியமாக இருக்கின்றன என்பது என் கவலை. ஏர் ரைஃபிளில் போடும் ஒரு 4.5 மி.மீ. ஈய பெல்லட்டின் எடை ஏறக்குறைய அரை கிராம். முப்பது பேர் ஆளுக்கு 60 ஷாட் போட்டால் ஒரே நாளில் ஒரு கிலோ ஈயத்துக்குப் பக்கத்தில் பெல்லட் ட்ராப்பில் (டார்கெட்டுக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியில்) விழுகிறது, அதில் ஒரு பங்கு நொறுங்கித் தூளாகிறது. .22 ரேஞ்சில் இதோடு தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரின் புகையும் சேரும், பெரும்பாலான தோட்டாக்களின் பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. அந்தத் தூசியை விளக்குமாறு எடுத்து உலர்வாகப் பெருக்கினால் ஹால் முழுக்கப் பறக்கும், நின்றவர்கள் எல்லோரும் மூச்சோடு இழுப்பார்கள். வீட்டு வேக்யூம் கிளீனரும் உதவாது, நுண்ணிய தூசி அதன் பின்பக்கமாக வெளியே வந்துவிடும். நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் தண்ணீர் தெளித்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எடுப்பதுதான் வழி. இதற்குப் பெரியவர்கள் நாலு பேரை மட்டும் ஒதுக்குங்கள்: என்95 மாஸ்க், ரப்பர் கையுறை, மாற்றுச் சட்டை. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைப் பாதுகாப்பான அளவு என்று சொல்ல முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். துடைத்த துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்காமல் இரட்டைப் பையில் கட்டிவிடுங்கள்.

சேர்ந்த பெல்லட்டை அள்ளும்போது எடையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளியை நிரப்பினால் ஐம்பது, அறுபது கிலோ வரைகூட வரும். கைப்பிடி பிய்ந்து காலில் விழும், அல்லது தூக்கியவரின் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கால் வாளிக்கு மேல் போடாதீர்கள். இதைத் தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் போடுவதும், மீன் வலைக்குண்டு வார்க்கிறேன் என்று கேட்பவருக்குக் கொடுப்பதும் வேண்டாம். வீட்டு அடுப்பில் உருக்கினால் அந்த வீட்டுக்கே நஞ்சு. மூடியுள்ள டப்பாவில் பூட்டி வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்தப் பணத்தில் அடுத்த வருடப் பெயின்ட் செலவில் கொஞ்சம் ஈடாகும்.

வெளி ரேஞ்சில் முக்கியமான வேலை மண்கரை. அதில் அரிப்பால் விழுந்த ஓடைகளை மழைக்கு முன் அடைக்க வேண்டும், சலித்த மண்ணால். குண்டு படும் முகப்பில் ஒரு கல்கூட இருக்கக் கூடாது, கல்லில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த முகப்பைத் தோண்ட வேண்டாம், உள்ளே இருப்பதெல்லாம் ஈயம். மேலே ஈரப்படுத்தி நிரப்பினால் போதும். பக்கச் சரிவிலும் பின்சரிவிலும் வெட்டிவேர் நாற்றை அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் வரிசையாக நடுங்கள். வேர் நேர் கீழே ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், பருவமழையே அதற்குத் தண்ணீர் ஊற்றிவிடும். கரையடியில் ஓடும் மழைத்தண்ணீர் நேரே ஏரிக்கோ கிணற்றுக்கோ போகாமல் ஒரு குழியில் தேங்கி இறங்கும்படி வாய்க்காலைத் திருப்பிவிடுங்கள். புல் வெட்டுகிறவர்கள் ஷூ போட்டு, முதலில் நீளக் கம்பால் தட்டிக்கொண்டே போக வேண்டும், பாம்பு இருக்கும். பாம்புக்கடி மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று முன்பே விசாரித்து, அந்தப் பெயரையும் 108ஐயும் பலகையில் எழுதி வையுங்கள்.

ஏர் ரைஃபிள் சுடும் பத்து மீட்டர் ஹாலில் பெயின்ட் அடிப்பதற்கு நிறையப் பேர் ஆசைப்படுவார்கள். நல்லதுதான், ஆனால் யாரோ வீட்டில் மிச்சமிருந்த பளபளக்கும் எனாமலைக் கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள். டார்கெட்டுக்குப் பின்னால் உள்ள சுவர் வெளிர் நிறமாக, பளபளக்காததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சைட்டில் பார்க்கிறவரின் கண் கூசும். டார்கெட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.40 மீட்டர், டேப் வைத்து ஒவ்வொரு லேனாக அளந்து எழுதுங்கள். டார்கெட் மேல் 1500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமாவது விழ வேண்டும். லக்ஸ் மீட்டர் கிடைக்கவில்லை என்றால் போன் ஆப் ஓரளவுக்கு உதவும், எந்த லேன் இருட்டாக இருக்கிறது என்றாவது தெரிந்துவிடும். எலெக்ட்ரானிக் டார்கெட் இருந்தால் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே மூடிக் கட்டிவிடுங்கள்.

காலை ஆறரைக்குத் தொடங்கி பத்தரைக்கு முடித்துவிடுங்கள், அதற்கு மேல் வெயிலில் யாரையும் நிறுத்துவது நியாயமில்லை. இட்லி, பொங்கல், மோர் எல்லாம் ரேஞ்சை விட்டுத் தள்ளி, வண்டி நிறுத்தும் மரத்தடியில். சாப்பாட்டுக்குப் போகும் வழியிலேயே குழாயும் சோப்பும் இருந்தால் கை கழுவாமல் யாரும் இட்லியைத் தொட முடியாது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்குள் நடப்பவரை யாராக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள், தலைவரே ஆனாலும். குழந்தைகளுக்கு கேட்டில் பெயர் எழுதும் வேலை, முன்பக்கம் மரக்கன்று நடும் வேலை கொடுக்கலாம், சந்தோஷமாகச் செய்வார்கள்.

எல்லோரும் போன பிறகு பொறுப்பாளர்கள் மட்டும் நோட்டோடு இன்னொரு முறை நடந்து, முடிந்ததை அடித்துவிட்டு, முடியாததை அன்று இரவே குழுவில் போடுங்கள், வந்தவர்கள் பெயரோடும் படத்தோடும். மறுநாள் ரேஞ்ச் ஆபீசர் கருவி ஏதும் லேனில் கிடக்கிறதா என்று பார்த்து, சரிசெய்த ஒவ்வொரு லேனிலும் தானே சில ஷாட் போட்டுப் பார்த்த பிறகுதான் உறுப்பினர்களுக்கு ரேஞ்சைத் திறக்க வேண்டும்.