லுவாங்வாவில் நாணல் குடிசையில் தங்க: மும்பையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஆப்பிரிக்கக் காடு பார்க்கப் போகும்போது ஒரு கேம்ப்பில் மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்காதீர்கள். நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முதல் தடவை ஏஜென்ட் எங்களுக்கு எட்டு நாளில் நான்கு கேம்ப் போட்டுக் கொடுத்தார். நாலு இடம் பார்க்கலாமே என்று நாங்களும் தலையாட்டிவிட்டோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பையைக் கட்டுவதும் ஜீப்பில் குலுங்குவதுமாகவே போய்விட்டது. இரண்டாவது தடவை இரண்டே கேம்ப், ஒவ்வொன்றிலும் நான்கு ராத்திரி. அப்போதுதான் காடு என் காதில் விழுந்தது. செம்பூரில் முப்பது வருஷமாக ஹார்பர் லைன் ரயில் சத்தத்தில் தூங்குகிறவள் நான். காதிலிருந்து அந்த இரைச்சல் இறங்கவே ஒரு நாள் பிடிக்கிறது. இரண்டாம் நாள் சத்தங்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. மூன்றாம் நாள் ராத்திரி நீர்யானை உறுமியது ஆற்றிலா, கரையேறி நம் குடிசைப் பக்கமா என்று படுத்தபடியே சொல்லிவிட முடிகிறது. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம்.

நான் சொல்வது ஜாம்பியா நாட்டின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்கா. பரப்பளவு ஏறத்தாழ 9,050 சதுர கிலோமீட்டர். நடந்து காடு பார்க்கும் சஃபாரி வேர்விட்ட இடம் இது. நார்மன் கார் என்ற வனக்காவலர் 1950-ல் இந்தப் பள்ளத்தாக்கின் தலைவர் நசெஃபுவிடம் பேசி, அவர் மக்களின் நிலத்தில் ஒரு பகுதியை விலங்குகளுக்காக ஒதுக்கச் சொல்லி, அங்கே வெளியாட்கள் வந்து தங்க ஒரு கேம்ப் போட்டார். வருமானம் ஊர் மக்களுக்குப் போனது. துப்பாக்கியோடு வேட்டைக்கு வந்தவர்கள் நடந்த தடத்தில் வெறுங்கையோடு நடக்கலாம் என்று காட்டியவர் அவர்.

புஷ் கேம்ப் என்றால் ஹோட்டலை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான்கைந்து குடிசை, அவ்வளவுதான். நாணலும் புல்லும் மரக்கம்பும் வைத்து வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் கட்டுகிறார்கள், அடுத்த மழைக்கு முன்னால் பிரித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். நவம்பரில் மழை விழுந்தால் பாதை எல்லாம் சேறு. காரணம், அங்கேயும் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கத்து ஊர்க்காரி எனக்கு அந்த மண்ணை முதலில் பார்த்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஈரத்தில் காலைப் பிடித்து இழுக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், அதே மண்.

எந்த மாதம் போகலாம்? ஜூன், ஜூலையில் விடிகாலைக் குளிர் மும்பைக்காரர்களுக்குத் தாங்காது. திறந்த ஜீப்பில் குல்லாவும் கம்பளிக் கையுறையும் வேண்டும். அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தொடும், ஆனால் தண்ணீர் தேடி விலங்குகள் எல்லாம் ஆற்றுக்கு வந்துவிடும். நான் செப்டம்பர் என்பேன். வெயில் பொறுக்கலாம், ஆற்றங்கரை மண்சுவரில் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் நூற்றுக்கணக்கில் பொந்து குடைந்து கூடு வைத்திருக்கும். அந்தச் சிவப்பை வேறெங்கும் பார்த்ததில்லை.

செலவை மறைக்க மாட்டேன். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்குப் பல நூறு டாலர். சாப்பாடு, நடை, ஜீப் எல்லாம் பெரும்பாலும் அதில் அடக்கம். பூங்காக் கட்டணம் சேர்ந்ததா, தனியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் ஐந்து வருஷம் ஆர்.டி. போட்டுச் சேர்த்தோம்.

மும்பையிலிருந்து ஆடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக ஜாம்பியாவின் தலைநகர் லுசாகா, அங்கிருந்து சின்ன விமானத்தில் பூங்காவுக்குப் பக்கத்து ஊரான ம்ஃபுவே. எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள். அந்த வழியாகத் திரும்புகிறவர்களிடம் நம் ஏர்போர்ட்டில் மஞ்சள் நிறத் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கலாம். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியே நிறுத்திவைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும், முன்பதிவுக்குக் காத்திருக்க வேண்டிவரும், ஆகவே இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். அறுபதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் டாக்டரிடம் பேசாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. என் வீட்டுக்காரருக்கு 62. டாக்டர் பழைய ரிப்போர்ட் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். மலேரியா மாத்திரையும் கட்டாயம், எது என்பதை டாக்டர் சொல்லட்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, காட்டிலிருந்து விமானத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் செலவு அதில் உண்டா என்று பாருங்கள். கேம்ப்பிலிருந்து நல்ல ஆஸ்பத்திரிக்கு ரோடு வழியே போவது நடக்கிற காரியம் இல்லை.

சின்ன விமானத்தில் அதிக எடை ஏற்ற மாட்டார்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், மடங்குகிற துணிப்பை. கேம்ப்பில் துணி துவைத்துத் தருவார்கள், மூன்று செட் போதும். ஃபேஷன் ஸ்ட்ரீட்டில் காக்கி, பச்சை, மண் நிறத்தில் காட்டன் பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும் எடுங்கள். வெள்ளை தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கருநீலமும் கறுப்பும் ட்ஸெட்ஸீ ஈயைக் கூப்பிடும், அது ஜீன்ஸுக்கு மேலேயே கடிக்கும். ராணுவத்தார் போடும் புள்ளித்துணி மாதிரி எதையும் எடுத்துப் போகாதீர்கள், ஜாம்பியாவில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி தப்பு. பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. ஒன்றை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் பறவை போய்விடும். சின்னப் பிளாஸ்டிக் மக் ஒன்றும் பையில் வையுங்கள். பாத்ரூமில் நம் பழக்கத்துக்கு அது வேண்டும்.

ஷூவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மழைக்காலத்தில் யானை நடந்த தடம் கரிசலில் ஆழமாகப் பதிந்து, காய்ந்து, கல் மாதிரி இறுகிக் கிடக்கும். மேலே புல் மூடியிருக்கும். கால் உள்ளே போனால் கணுக்கால் மடங்கிவிடும். அதனால் கணுக்காலை மூடும் ஷூ, அதுவும் இரண்டு மாதமாவது போட்டுப் பழகிய ஷூ. நாங்கள் ஞாயிறு தோறும் போரிவலி தேசியப் பூங்காவில் கன்னேரி குகை வரை அதே ஷூவில் நடந்தோம். அங்கே போய் ஒரு கொப்புளம்கூட வரவில்லை. வேகமாக நடக்கத் தெரிய வேண்டியதில்லை. மெதுவாக, மூன்று நான்கு மணி நேரம், பேசாமல் நடக்கத் தெரிய வேண்டும். பேசாமல் என்பதைத்தான் நாங்கள் பழக வேண்டியிருந்தது.

கேம்ப்பில் விடியுமுன் எழுப்புவார்கள். தணலில் வாட்டிய ரொட்டி, கஞ்சி, டீ. வெளிச்சம் வந்ததும் நடை. முன்னால் தேசியப் பூங்காத் துறையின் துப்பாக்கி ஏந்திய ஸ்கவுட், அடுத்து கைடு, பின்னால் ஒற்றை வரிசையில் நாம், கடைசியில் டீத் தூக்குச் சுமப்பவர். விருந்தினர் ஆறு பேருக்கு மேல் இருக்காது. பெரும்பாலான கேம்ப்கள் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நடையில் சேர்ப்பதில்லை. கை காட்டினால் நில்லுங்கள். எது வந்தாலும் ஓடாதீர்கள். கேள்வி இருந்தால் மெதுவாக விரலைச் சொடுக்குங்கள், கைடு நிறுத்துவார். சென்ட், வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம்.

கைடை எவ்வளவு பக்கத்தில் பின்தொடர முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நடங்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. மூன்றாம் நாள் காலை, ஆள் உயரப் புல். எங்கள் கைடு சட்டென்று நின்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காதைத் தொட்டுக் காட்டினார். சர்ர்ர் என்று, எண்ணெயில் ஈரக் கரண்டி பட்ட மாதிரி ஒரு சத்தம். ஆக்ஸ்பெக்கர் என்கிற சின்னப் பறவை அது, எருமை முதுகில் உட்கார்ந்து உண்ணி கொத்தும். ஆளைக் கண்டால் இப்படிக் கத்தி எழும்பும். பறவை இருந்தால் கீழே எருமை இருக்கும். கைடு ஒரு பிடி புழுதியை எடுத்து விரல் வழியே விட்டார். அது எங்கள் முகத்தை நோக்கி வந்தது. காற்று நமக்குச் சாதகம் என்று புரிந்துகொண்டேன். பத்தடி பின்வாங்கி, சுற்றி வளைத்து ஒரு கரையான் புற்றின் மறைவுக்குப் போய்ப் பார்த்தால், கிழ எருமை மூன்று, சேறு காய்ந்த முதுகோடு. ஜீப்பில் போயிருந்தால் எருமை பார்த்தோம் என்று சொல்லியிருப்பேன். நடந்ததால் அந்தக் குருவியைக் கேட்டேன்.

தொடக்கூடாததையும் கைடு காட்டுவார். பூனைக்காலி அங்கேயும் உண்டு. காயின் சுணை பட்டால் அரிப்பு உயிரை எடுக்கும். கொடியைக் கண்டதும் முழுக்கையை இறக்கிவிடுங்கள்.

டீக்கு நிறுத்தியது ஒரு புளியமரத்தடியில். ஆமாம், நம் புளியமரம்தான். அதற்குப் பூர்வீகமே ஆப்பிரிக்கா. சுள்ளி பொறுக்கித் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும்போது கைடு காய்ந்த யானை லத்தியைக் கையால் உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். தேங்காய் நார் மாதிரி உலர்ந்த நார், நடுவே பளபளவென்று ஏழு புளியங்கொட்டை. பல்லாங்குழி ஆட என் ஆச்சி டப்பாவில் சேர்த்து வைத்திருந்த அதே கொட்டை. யானையின் வயிற்றில் போய் வந்த கொட்டை நன்றாக முளைக்கும் என்றார். தயங்காமல் கையை நீட்டுங்கள், காய்ந்த லத்தியில் நாற்றமே கிடையாது.

மாலையில் ஜீப். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து நிற்காதீர்கள், கையை வெளியே நீட்டாதீர்கள். நம் ஊர்ப் புலிக்காடுகளில் வழக்கமாக இல்லாத ராத்திரி சவாரி இங்கே உண்டு. சிறுத்தைக்கும் புனுகுப்பூனைக்கும் அதுதான் நேரம். மானின் கண்ணில் நேராக லைட் அடித்தால் அது சற்று நேரம் குருடாகி எதிரியிடம் மாட்டும், ஆகவே நல்ல கைடு உடனே லைட்டைத் திருப்பிவிடுவார். இன்னொரு தடவை அடியுங்கள் என்று கேட்காதீர்கள்.

இருட்டிய பிறகு குடிசைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் தனியாக நடக்கக் கூடாது. காவல்காரர் டார்ச்சோடு கூட வருவார். குளியலுக்கு விறகடுப்பில் வைத்த வெந்நீரை வாளியில் ஊற்றி, கிணற்று உருளை மாதிரி ஒன்றில் கயிறு போட்டு மேலே இழுத்துவிடுவார்கள். வாளியின் அடியில் பூவாளி. மேலே கூரை இல்லை, நட்சத்திரம்தான். எப்போது வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ராத்திரி யானை குடிசையை ஒட்டி வந்தால் டார்ச் அடிக்காதீர்கள், இருமலையும் அடக்கிக்கொள்ளுங்கள். நாணல் சுவருக்கு அப்பால் அது மூச்சு விடுவது கேட்கும். அசையாமல் படுத்திருந்தால் அது தன் வழியே போய்விடும்.

சாப்பாட்டில் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் சைவம். புக்கிங் போதே முட்டையும் கிடையாது என்று எழுதிவிட்டோம், அவர்களும் அக்கறையாகச் சமைத்தார்கள். ஆனாலும் மனசு கேட்காமல் ஊரிலிருந்து வந்த கடலைமிட்டாயில் இரண்டு பாக்கெட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்தேன். குடிசையில் தின்பண்டம் வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். காலை நடை முடிந்து வந்தால் நாணல் சுவரில் ஆள் நுழையும் ஓட்டை. பபூன் குரங்குகள் பையைக் கிழித்து, மாத்திரை டப்பாவையும் எடுத்துப் போய்விட்டன. மலேரியா மாத்திரைக்கு கேம்ப் மேனேஜர் ரேடியோவில் பேசி மறுநாள் வரவழைத்தார். சுவர் போனதைவிட என்னை வருத்தியது அவர் சொன்ன இன்னொன்று. குடிசையில் இனிப்பு உண்டு என்று ஒரு தரம் பழகிய குரங்கு திரும்பத் திரும்ப வரும், ஆளைக் கண்டு பயம் விட்டுப்போனால் கடைசியில் அதைச் சுட வேண்டியும் வரலாம். உங்கள் பருப்புப்பொடி, ஊறுகாய், மிட்டாய் எல்லாவற்றையும் இறங்கிய உடனே சமையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மேசைக்குக் கொண்டுவந்து வைப்பார்.

அதோடு பணியாளர்கள் சாப்பிடுவதையும் கேட்டு வாங்குங்கள். மக்காச்சோள மாவில் கிண்டிய நிஷிமா, நம் களியேதான். வேர்க்கடலைப் பொடி தூவிய பூசணி இலைக் கூட்டோடு உருட்டிக் கையால் சாப்பிட வேண்டும். சமையல்காரர் எங்கள் கை உருட்டுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி வைத்தார். நன்றிக்கு அங்கே ‘ஸிகோமோ’ என்பார்கள். கடைசி நாள் டிப்ஸைக் கைடுக்குத் தனியாகவும் மற்றவர்களுக்குப் பொது உண்டியலிலும் போடுங்கள். சமையற்கட்டிலும் தண்ணீர் சுமப்பதிலும் இருப்பவர்களை நாம் பார்ப்பதே இல்லை, அவர்களுக்கும் அதிலிருந்துதான் போகும்.

திரும்பி வந்தாலும் மலேரியா மாத்திரையை நிறுத்தாதீர்கள். எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். ஒரு வருஷத்துக்குள் காய்ச்சல் வந்தால், மும்பையில் டாக்டர் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார். நாற்காலியில் உட்காரும்போதே ஜாம்பியா போய் வந்தேன் என்று சொல்லி, மலேரியாவுக்கு அன்றைக்கே ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.